இளவரசிக்கு என்ன வேலை?

(பிள்ளைப்பாக்கத்தில் தொழிலாளர் தோழர்களும் தாய்மார்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆலைச் சங்கு அடங்கிய பிறகும் வீட்டுக்குச் செல்லாமல் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே!

ஊரின் பெயரிலேயே பிள்ளை இருக்கிறது. பிள்ளைப்பாக்கம்! ஆகவே இன்று பிள்ளைகளைப் பற்றியே பேசிவிடுவது என்று வந்திருக்கிறேன். அதிலும் பெண் பிள்ளைகளைப் பற்றி. நான்கு வயது, ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளின் தலையிலே நாம் வாங்கி வைக்கிறோமே ஒரு தகர மகுடம், அந்த மகுடத்தைப் பற்றி.

"என்னய்யா இது! மாநில உரிமை பற்றிப் பேசுவார், மைய அரசின் மாற்றாந்தாய் மனப்பான்மை பற்றிப் பேசுவார் என்று வந்தால், பிள்ளை விளையாட்டைப் பற்றிப் பேசுகிறாரே" என்று பின்வரிசையில் ஒரு நண்பர் முணுமுணுப்பது எனக்குத் தெரிகிறது. பிள்ளை விளையாட்டுத்தான் நண்பரே! ஆனால், அந்த விளையாட்டுப் பொருளை விற்கிறவன் விளையாட்டாக விற்கவில்லை. கணக்கெழுதி விற்கிறான். கண்டம் விட்டுக் கண்டம் தாண்டி வந்து, நமது வீட்டுக் கூடத்துக்குள்ளே நுழைந்து, குழந்தையின் படுக்கை விரிப்பு வரைக்கும் வந்து விற்கிறான். நமது குழந்தையின் நெஞ்சிலே எவன் எதை எழுதுகிறான் என்று கேட்பது அரசியல் அல்லவென்றால், வேறு எதுதான் அரசியல்?

ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். ரோசா நிறத்தில் கவுன். ரோசா நிறத்தில் புத்தகப் பை. ரோசா நிறத்தில் தண்ணீர்ப் புட்டி, சோற்று டப்பா, செருப்பு, குடை, பல் துலக்கும் தூரிகை! அத்தனையிலும் ஒரே படம். பொன்னிறக் கூந்தல், பால் நிற மேனி, பாக்கு மரம் போல் இடை, முகத்தில் பாதியளவு கண். பெண் குழந்தையா? இந்தப் பக்கம் வாருங்கள் என்கிறார் கடைக்காரர். ஆண் குழந்தையா? அந்தப் பக்கம் கார் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, விண்கலம் இருக்கிறது! நான்கு வயதிலேயே பாதை பிரிந்துவிடுகிறது பார்த்தீர்களா? ஒருவனுக்கு விண்வெளி, ஒருத்திக்கு நிலைக்கண்ணாடி.

இந்த வட்டாரத்திலே ஒரு மழலையர் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு அழைத்திருந்தார்கள். மாறுவேடப் போட்டிக்கு என்னை நடுவராக்கினார்கள். நாடகக்காரன் என்பதால் அழைத்தார்கள் போலும்; கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் என்பது தெரிந்திருந்தால் அழைத்திருப்பார்களோ என்னவோ! வரிசையாக வந்தார்கள் சிறுமிகள். ஒருத்தி இளவரசி. அடுத்தவளும் இளவரசி. அதற்கடுத்தவளும் இளவரசி! ஒரே நாட்டுக்கு இத்தனை இளவரசிகள் இருந்தால் கசானா காலியாகிவிடாதா என்று பக்கத்திலிருந்த ஆசிரியையிடம் கேட்டேன். சிரித்தார்.

அதிலே ஒரு குட்டியைக் கூப்பிட்டு, "இளவரசிக்கு என்ன வேலை அம்மா?" என்று கேட்டேன். சிறிது நேரம் சிந்தித்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்: "அழகா இருக்கிறதுதான் வேலை!"

"உன் அம்மாவுக்கு என்ன வேலை?"

"அம்மா கம்பெனிக்குப் போகும்."

"கம்பெனியில் என்ன செய்யும்?"

"தெரியாது."

தோழர்களே! அந்தத் தாய் அங்கேதான் நின்றிருந்தார். கைபேசி செய்யும் ஆலையிலே வேலை பார்க்கிறவர். மயிரிழையினும் மெல்லிய கோணல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கும் கண் அவருக்கு. நாளெல்லாம் நின்றுகொண்டே நுணுக்கமான வேலை செய்யும் கை அவருக்கு. அந்தக் கண்ணையும் கையையும் பற்றி அவர் பெற்ற மகளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால், எந்த நாட்டிலோ எவனோ வரைந்த பொம்மைப் பெண் பளிங்குச் செருப்பைப் பறிகொடுத்த கதை மட்டும் பாராமல் ஒப்பிக்கத் தெரியும்!

அந்தக் கதையை அந்தக் குழந்தை எதிலே பார்த்தாள்? கைபேசியிலே பார்த்தாள். அந்தக் கைபேசியைச் செய்தது யார்? இந்த வட்டாரத்துப் பெண்கள்! 2006-இல் நோக்கியா ஆலை திருப்பெரும்புதூரிலே திறக்கப்பட்ட நாளிலிருந்து, அது 2014-இல் மூடப்பட்ட பிறகும் வேறு பெயர்களில், வேறு வாயில்களில், இந்த மண்ணிலே கைபேசி செய்துகொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கைபேசியின் முகத்திலே பதிக்கும் கண்ணாடிக்கென்றே ஓர் ஆலை, ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் முதலீட்டில், இதே பிள்ளைப்பாக்கத்தில் அமையும் என்று 2024-இல் அறிவித்தார்கள். கண்ணாடி நம்முடையது, கண்ணாடிக்குள்ளே ஆடுகிற பொம்மை யாருடையது? சட்டம் போடுகிறவள் தாய். அந்தச் சட்டத்துக்குள்ளிருந்து அவள் மகளுக்குப் பாடம் நடத்துகிறவன் வேறொருவன்!

யார் அந்த வேறொருவன்? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம்.

வால்ட் டிஸ்னி நிறுவனம் "ஸ்னோ ஒயிட்" படத்தை எடுத்தது 1937-இல். "சிண்ட்ரெல்லா" 1950-இல். "தூங்கும் அழகி" 1959-இல். அப்போதெல்லாம் இவை தனித்தனிப் படங்கள். பார்த்தார்கள், மகிழ்ந்தார்கள், போனார்கள். 2000-ஆம் ஆண்டையொட்டித்தான் ஆண்டி மூனி என்ற வாணிப வல்லுநர், நைக்கி காலணி நிறுவனத்திலிருந்து டிஸ்னிக்கு வந்து சேர்ந்தார். பனிச்சறுக்கு ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போனார். அங்கே வந்திருந்த சிறுமிகள் இளவரசி போல் உடை அணிந்திருந்ததைக் கண்டார். கடையில் வாங்கிய உடை அல்ல. வீட்டிலே தைத்த உடை! தாயின் கையோ பாட்டியின் கையோ தைத்துத் தந்த உடை. அதைக் கண்ட மனிதருக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஆகா, என்ன அன்பு என்று தோன்றியிருக்க வேண்டும். அவருக்குத் தோன்றியதோ: ஆகா, என்ன சந்தை!

வெவ்வேறு படங்களில் இருந்த பெண்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டி, "இளவரசிகள்" என்று ஒரே முத்திரை குத்தினார்கள். 2001-இல் 30 கோடி டாலராக இருந்த சரக்கு விற்பனை 2006-இல் 300 கோடி டாலர் ஆயிற்று. ஐந்தே ஆண்டுகளில் பத்து மடங்கு! அந்த ஆண்டில் இளவரசி முத்திரை தாங்கிய பொருள்கள் 25,000-க்கும் மேல் இருந்தன என்று பெகி ஓரென்ஸ்டைன் என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதினார். அவரும் ஒரு பெண் குழந்தையின் தாய். அவர் கவனித்துச் சொன்ன ஒரு செய்தியை இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் குழந்தையின் பையை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். இளவரசிகள் பலர் ஒன்றாக நிற்கும் படத்தில், ஒருத்தியின் கண் இன்னொருத்தியின் கண்ணைப் பார்க்காது! ஒருத்தி கிழக்கே பார்ப்பாள், ஒருத்தி மேற்கே பார்ப்பாள். தோள் உரச நிற்பார்கள், தோழமை கிடையாது. ஒவ்வொருத்தியும் தனித்தனிக் கதைக்குச் சொந்தக்காரி, ஒருத்தியின் உலகத்திலே இன்னொருத்தி இல்லை என்று காட்டவேண்டுமாம். அதற்காகவே அப்படி வரையச் செய்தார்களாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

அந்த இளவரசிகள் என்ன செய்கிறார்கள் கதையிலே? ஒருத்தி நச்சுக் கனி தின்று மயங்கிக் கிடக்கிறாள். ஒருத்தி விரலில் ஊசி குத்தித் தூங்கிக் கிடக்கிறாள். ஒருத்தி அடுப்புச் சாம்பலிலே அழுது கிடக்கிறாள். மூவருக்கும் பொதுவான தொழில் ஒன்று உண்டு: காத்திருத்தல்! எவனோ வரவேண்டும், எழுப்பவேண்டும், ஏற்றிச் செல்லவேண்டும். கடற்கன்னியின் கதை 1989-இல் படமாக வந்தது. அவள் காதலனைத் தேடிப் போவதற்காகத் தன் குரலையே விலையாகக் கொடுத்துவிடுகிறாள். குரலைக் கொடுத்துவிட்டுக் காலை வாங்கிக்கொள்கிற பெண்! நாவை விற்று நடையை வாங்குகிற நங்கை! மேடைப் பேச்சையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதைவிடக் கொடுமையான கதை வேறு தெரியாது.

இது வெறும் உவமை அன்று. கார்மன் ஃபோட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரு மொழியியல் அறிஞர்கள் இந்தப் படங்களில் பேசப்படும் வசனத்தை அளந்தே பார்த்து 2016-இல் கணக்குச் சொன்னார்கள். கடற்கன்னிப் படத்தில் ஆண்கள் பேசுவது 68 விழுக்காடு. 1992-இல் வந்த "அலாவுதீன்" படத்தில் 90 விழுக்காடு! 1998-இல் வந்த "முலான்" படத்தில், வாளெடுத்துப் போர்க்களம் புகுந்து நாட்டைக் காக்கிறவளே ஒரு பெண். அதிலும் ஆண்கள் பேசுவது 77 விழுக்காடு. சீனத்து முலான் இளவரசியே அல்லள், போர்வீரரின் மகள். அவளையும் இழுத்து வந்து, வாளை வாங்கி வைத்துவிட்டு, பட்டுப் பாவாடை கட்டி, இளவரசிகளின் வரிசையிலே நிறுத்திவிட்டான் வணிகன்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். கருமை நமக்கு இழிவல்ல என்று எத்தனை மேடைகளிலே முழங்கியிருக்கிறோம்! 1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளநூல் அறிஞர்கள், கணவனும் மனைவியும், ஒரு சோதனை நடத்தினார்கள். கறுப்பினக் குழந்தைகளின் முன்னே கறுப்புப் பொம்மை ஒன்றும் வெள்ளைப் பொம்மை ஒன்றும் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் நிறப் பாகுபாடு கூடாது என்று 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இந்த ஆய்வையும் கருத்திலே கொண்டது. பொம்மை, நீதிமன்றம் வரைக்கும் சென்ற வரலாறு இது! வெயிலிலே விளையாடி வந்த நமது கருந்தங்கம், தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பையிலுள்ள படத்தையும் பார்த்துவிட்டு, "அம்மா, நான் ஏன் இப்படி இல்லை?" என்று கேட்கும்போது என்ன விடை வைத்திருக்கிறோம்? பவுடர் டப்பாவையா?

இந்த இடத்தில், எதிர்த்தரப்பு வழக்கையும் கூறிவிடுகிறேன். பாதி உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவது பகுத்தறிவுக்கு அழகல்ல.

பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா காயின் என்ற பேராசிரியை, 198 மழலையர்களை ஆராய்ந்து 2016-இல் ஒரு முடிவை வெளியிட்டார். இளவரசிக் கதைகளிலும் பொம்மைகளிலும் மிகுதியாக ஈடுபட்ட குழந்தைகள், ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, "பெண் என்றால் இப்படித்தான்" என்ற பழைய வார்ப்பிலே மேலும் அழுத்தமாக ஆழ்ந்திருந்தார்கள் என்றார். நமது கட்சிக்கு வலுவான சான்று! ஆனால், அதே பேராசிரியை அந்த ஆராய்ச்சியை விடாமல் தொடர்ந்து, 2021-இல் இன்னொரு முடிவை வெளியிட்டார். மழலைப் பருவத்தில் இளவரசி விளையாட்டு விளையாடியவர்கள், பத்து வயதைத் தாண்டியபோது, பெண்ணுரிமை பற்றி முற்போக்கான எண்ணம் கொண்டிருந்தார்களாம். ஆண் பிள்ளைகளும்கூட, "ஆண் அழக்கூடாது, ஆணே அடக்கியாளவேண்டும்" என்ற முரட்டுக் கொள்கையில் குறைவாகவே சிக்கியிருந்தார்களாம்.

என்ன செய்வது இப்போது? இரண்டாவது ஆய்வை மறைத்துவிட்டுப் பேசலாம், கைதட்டல் கிடைக்கும். எனக்கு வேண்டாம் அந்தக் கைதட்டல். நாடகக்காரன் என்ற முறையில் எனக்கு இதிலே முரண்பாடே தெரியவில்லை. வேடம் யாரையும் கெடுக்காது. என் நாடகக் குழுவில் அரசன் வேடம் போடுகிற தோழர் பகலிலே தையல் கடை வைத்திருக்கிறார். மகுடத்தைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் சட்டைக்குப் பொத்தான் கட்டுகிறார். வேடத்தைக் கழற்ற முடிகிறது. அதனால் அவருக்கு வேடம் விளையாட்டு. அந்தக் குழந்தைகள் வளர வளர, அவர்களைச் சுற்றி வேறு கதைகளும் வேறு பெண்களும் இருந்திருப்பார்கள். மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டு மேலே நடந்திருப்பார்கள் என்று நான் கருதுகிறேன். நமது ஊரிலே நடப்பது என்ன? மகுடத்தைக் கழற்றவே நாம் விடுவதில்லையே, தாய்மார்களே!

எண்ணிப் பாருங்கள். முதலாம் ஆண்டுப் பிறந்த நாளில் ஒரு மகுடம். ரோசா நிற கேக்கு, பக்கத்தில் பட்டு நாற்காலி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மஞ்சள் நீராட்டு விழா. அதற்கு ஒரு சிம்மாசனம்! வாடகைக்கு எடுத்து வந்த சிம்மாசனம். சிவப்பு வெல்வெட்டு, இருபுறமும் தங்க முலாம் பூசிய சிங்கம். திருப்பெரும்புதூர்ச் சாலையிலே பிளெக்ஸ் தட்டி வைக்கிறோம்: "எங்கள் வீட்டு இளவரசி" என்று. அந்தச் சிறுமியின் படத்தைச் சுற்றி மாமன்மார், சித்தப்பன்மார், அவர்களுடைய நண்பர்கள், தட்டியின் அடியிலே அருவா மீசை வைத்த தம்பிமார்! பிறகு திருமணம். அதற்கு ஒரு சிம்மாசனம். மூன்று சிம்மாசனம் ஏறிய அந்த இளவரசி, மறுநாள் காலை எங்கே நிற்கிறாள்? அடுப்படியில். "மாமியாருக்குக் காபி கொடுத்தாயா?" என்று கேட்கிறோம்.

மகுடம் மூன்று முறை. மண் ஒரு குழி உண்டா? பட்டம் பல முறை. பட்டா ஒரு முறை உண்டா?

இந்த ஊரைச் சுற்றி நிலமெடுத்தார்கள் சிப்காட்டுக்காக. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம். இழப்பீடு வந்தது. அந்தப் பணம் எத்தனை வீடுகளில் மகனுக்கு மாடி வீடாயிற்று, காராயிற்று? எத்தனை வீடுகளில் மகளின் பெயரில் வங்கிக் கணக்காயிற்று? நான் குற்றம் சாட்டவில்லை, கேட்கிறேன். இங்கே அமர்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டு விடை தெரியும்.

பெண்ணுக்குச் சொத்திலே சம பங்கு என்று தீர்மானம் போட்டது எங்கே என்று நினைக்கிறீர்கள்? இந்த ஊர் நெடுங்காலம் எந்த மாவட்டத்திலே அடங்கியிருந்ததோ, அந்தச் செங்கற்பட்டிலே! 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மாநாட்டிலே! அன்றைக்கு ஏளனம் செய்தார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து, 1989-இல், மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை என்று தமிழ்நாட்டிலே சட்டம் கொண்டுவந்தார் கலைஞர். இந்தியா முழுமைக்கும் அது வர 2005 ஆயிற்று. அந்தச் சட்டத்திலே "இளவரசி" என்ற சொல் கிடையாது. "மகள்" என்ற சொல்தான் இருக்கிறது. இளவரசி என்று அழைத்தால் அன்பைக் கொடுத்துவிட்டோம் என்று மனநிறைவு வந்துவிடுகிறது நமக்கு. மகள் என்று அழைத்தால் பங்கு கொடுக்கவேண்டியிருக்கிறது!

இன்னொரு வேடிக்கை. இந்த நாட்டிலே உண்மையான இளவரசர்களும் இளவரசிகளும் இருந்தார்கள். வெள்ளையன் போன பிறகும் அவர்களுக்கு மன்னர் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தோம். 1971-இல் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் வந்தது. மானியம் போயிற்று, மன்னர் என்ற மரியாதையும் போயிற்று. சட்டம் ஒழித்த பட்டத்தைக் கடைக்காரன் சில நூறு ரூபாய்க்கு விற்கிறான். குடியரசின் குடிமகன் வரிசையில் நின்று வாங்குகிறான்!

"தமிழனுக்கு அரசியர் இல்லையா, இளவரசியர் இல்லையா? பொன்னியின் செல்வனிலே குந்தவை இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறார்கள். இருப்பவர்களைப் பற்றி நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. பாரியின் மகளிர் இருவர். மூவேந்தரும் சூழ்ந்து தந்தையைக் கொன்றார்கள். நாடு போயிற்று, மலை போயிற்று, மகுடம் போயிற்று. எந்த இளவரசனும் குதிரையேறி வரவில்லை அந்தப் பெண்களைக் காக்க. கபிலர் அழைத்துச் சென்று மணம் பேசியபோது, மறுத்த மன்னர்கள் உண்டு! அந்த இருவரும் விட்டுச் சென்றது என்ன? பளிங்குச் செருப்பா? ஒரு பாட்டு. புறநானூற்றிலே இருக்கிறது, இன்றைக்கும். இராமநாதபுரத்து அரசரின் மகள் வேலு நாச்சியார். மகனுக்குக் கற்பிப்பதுபோல் படைக்கலம் கற்பித்தார்கள். 1772-இல் காளையார்கோவிலில் கணவர் வீழ்ந்தார். எட்டாண்டுக் காலம் மறைந்திருந்து, படை திரட்டி, 1780-இல் சிவகங்கையை மீட்டார். எட்டாண்டு அவரும் காத்திருந்தார்தான். ஆனால், தூங்கிக்கொண்டு காத்திருக்கவில்லை!

நமது திரைப்படத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1950-இல் "மந்திரி குமாரி" வந்தது. கலைஞரின் எழுத்து, குண்டலகேசிக் கதையை அடியொற்றியது. அதிலே இளவரசியும் உண்டு. ஆனால், படத்தின் பெயர் அவளுடையதன்று, மந்திரியின் மகளுடையது. கொள்ளைக்காரக் கணவன் மலையுச்சிக்கு அழைத்துச் சென்று தள்ளப் பார்க்கிறான். அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள்! ஆறு வயதுக் குழந்தைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கொஞ்சம் வளரட்டும்! ஆனால், "கணவன் வந்தான், கதை முடிந்தது, இனி இன்பமே" என்று முடிகிற கதைக்கு நடுவிலே, கணவன் வந்த பிறகும் கதை இருக்கிறது என்று சொன்ன மரபு நம்முடையது என்பதற்காகச் சொன்னேன்.

திருமணத்தோடு கதை முடிவது பொம்மைப் படத்திலே மட்டுமா? 2024 ஜூன் மாதத்தில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. திருப்பெரும்புதூரில் பாக்ஸ்கான் நடத்தும் ஐபோன் ஆலையில், திருமணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுகிறது என்று. நிறுவனம் அதை மறுத்தது. மைய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நாடெங்கும் பேசப்பட்டது. நான் கேட்பது இதுதான்: தாலி கட்டியதும் கதை முடிந்துவிட்டது என்று குழந்தைப் பருவத்திலிருந்தே சொல்லி வைத்திருக்கிறோமே, ஆலை வாயிலில் நிற்கும் ஒருவன், "உனக்குத்தான் திருமணம் ஆகிவிட்டதே, இனி எதற்கு வேலை?" என்று கேட்டால், அவன் வாயில் இருப்பது நாம் சொன்ன கதையல்லவா?

இளவரசிகள் ஒருத்தியை ஒருத்தி பார்க்கமாட்டார்கள் என்றேனே, அதற்கு வருகிறேன். 2021 டிசம்பர் மாதம். உங்களுக்கு நினைவிருக்கும். விடுதியிலே கெட்டுப்போன உணவைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் நோயில் விழுந்தார்கள். சக தொழிலாளியின் நிலை என்ன என்று கேட்டார்கள் மற்றப் பெண்கள். சரியான விடை வரவில்லை. என்ன செய்தார்கள்? அரண்மனைச் சாளரத்திலே சாய்ந்து அழுதார்களா? இரவோடு இரவாகச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையிலே வந்து அமர்ந்தார்கள்! பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். யாரோ ஈன்ற மகள் யாரோ ஈன்ற மகளுக்காக வந்து அமர்ந்தாள். ஒருத்தியின் கண் ஒருத்தியைப் பார்த்தது. சாலை நின்றது. ஆலை நின்றது. 2022 ஜனவரி 12-இல்தான் மீண்டும் திறந்தார்கள். விடுதிகளும் உணவுக் கூடங்களும் தனது தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர்களுக்கான மாபெரும் விடுதி திறக்கப்பட்டதே, அந்தக் கட்டடத்தின் அடித்தளத்திலே நெடுஞ்சாலையில் அமர்ந்த அந்தப் பெண்களின் இரவும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்தக் கதையை உங்கள் மகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? அந்த இரவிலே அமர்ந்திருந்தவர்களில் சிலர் இன்று தாய்மார்கள். அவர்களாவது சொன்னார்களா? "எதற்குக் குழந்தையிடம் வம்பை" என்று விட்டுவிட்டோம். அம்மா சாலை மறியல் செய்த கதை குழந்தைக்குத் தெரியாது. அரக்கியிடம் குரலை அடகு வைத்தவள் கதை தெரியும்.

ஆகவே, பொம்மையைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிடுங்கினால் அழும், அழுதால் நீங்களே ஓடிப்போய் அதைவிடப் பெரிதாய் வாங்கித் தருவீர்கள், எனக்குத் தெரியும்! இன்னும் பத்து வேடத்தைக் கொடுங்கள் என்கிறேன். ஒரு நாள் இளவரசியாக இருக்கட்டும். மறுநாள் மருத்துவர், அதற்கு மறுநாள் கொத்தனார், பேருந்து ஓட்டுநர், மாவட்ட ஆட்சித் தலைவர். பெண்ணுக்குக் காரும் கொடுங்கள். பையன் பொம்மைக்குச் சோறூட்ட விரும்பினால், "சீ, பொம்பளைப் பிள்ளையா நீ" என்று அதட்டாதீர்கள்; நாளைக்கு அவன் பெற்ற பிள்ளைக்கு ஊட்டப் பழகுகிறான், விடுங்கள். மஞ்சள் நீராட்டுச் சிம்மாசனத்துக்கும் தட்டிக்கும் கடன் வாங்குகிறீர்களே, அதில் பாதியையாவது அந்தப் பெண்ணின் பெயரில் அஞ்சலகத்திலே போடுங்கள். 2022 செப்டம்பரிலே, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஒரு திட்டம் தொடங்கியபோது, மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரை வைத்தார்கள். பொட்டுக்கட்டும் கொடுமையிலிருந்து வெளியேறி அந்தக் கொடுமையையே எதிர்த்து நின்ற அம்மையார். அந்தப் பணம் அப்பனின் கைக்குப் போகவில்லை, அண்ணனின் கைக்குப் போகவில்லை; அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போயிற்று. இந்த ஊரிலே அதை வாங்கிப் படித்த பெண்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கக்கூடும். மகுடம் வைத்துக்கொண்டதைவிட அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கையில் பிடித்தது எப்படி இருந்தது என்று அவர்களைக் கேளுங்கள்.

என் பங்குக்கு ஒன்று செய்கிறேன். அந்த மழலையர் பள்ளியின் அடுத்த ஆண்டு விழாவுக்கு இருபது நிமிட நாடகம் ஒன்று எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். கட்டணம் கிடையாது. ஆலைதான் களம். மேடையிலே வரப்போகிறவர்கள் இளவரசிகள் அல்லர். சட்டம் பொருத்துகிறவள், திருகாணி முடுக்குகிறவள், கண்ணாடியிலே கீறல் பார்க்கிறவள், சோறு சரியில்லை என்று முதலில் எழுந்து சொல்கிறவள். உரையாடலுக்கு எனக்குத் தாய்மார்களின் உதவி தேவை. எந்த வேலைக்கு என்ன பெயர், எந்த விரலால் எதைப் பிடிக்கிறீர்கள், மேற்பார்வையாளர் என்ன சொல்லி அதட்டுவார், உணவு இடைவேளையில் என்ன பேசிச் சிரிப்பீர்கள், இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஞாயிறு காலையில் இந்த மேடைக்குப் பின்னாலுள்ள படிப்பகத்தில் இருப்பேன். வேலை முறை மாறும் வாரமானால் மாலையில் வாருங்கள். வரும்போது பிள்ளைகளையும் கையோடு அழைத்து வாருங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல அவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.